கடைசியாக நினைத்த நேரம்

மிதுனாவிடம் போய்க் கணினிக்கு எந்தக் கோப்பு முறை நல்லது என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம், அன்றைக்குச் சாப்பாட்டு வேளைக்கு வீடு போய்ச் சேர முடியாது. எஸ்.எஸ்.டி.க்கு எது பொருந்தும், ஹார்ட் டிஸ்க்குக்கு எது தோதுப்படும், இரண்டையும் ஒரே வீட்டில் குடித்தனம் வைத்தால் எது சண்டையில்லாமல் பார்த்துக்கொள்ளும் என்று லினக்ஸ் இயங்குதளத்தின் குலம் கோத்திரம் முழுவதையும் எடுத்துப் போடுவாள். அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையிடம் ஒரு மாலை முழுக்க இதையே பேசி, அவன் மறுநாள் மரியாதையாக ஆள் விட்டு வேண்டாம் என்று சொன்னதாக மையத்தில் ஒரு கதை உலவியது. மிதுனா அதை மறுத்ததில்லை. அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று மட்டும் சொல்வாள்.

மையம் என்பது கோவையில் அவினாசி சாலையை ஒட்டி இருந்த நினைவு மையம். மூளைக் காய்ச்சலிலோ விபத்திலோ தலைக்குள் நினைவைச் சேர்த்துவைக்கும் பகுதி அழிந்துபோனவர்கள் அங்கே வருவார்கள். அவர்களுடைய காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, சுண்டுவிரல் நகத்தளவு ஓர் எஸ்.எஸ்.டி. சேமிப்புச் சில்லைப் பதித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் காதுவட்டு. அன்றாடம் தேவைப்படுவது அதில் இருக்கும். காய்ச்சல் தின்றது போக மூளையில் மிச்சமிருக்கும் பழைய நினைவுகளை எல்லாம் வழித்தெடுத்து, வீட்டில் வைக்கிற ஒரு பெட்டிக்குள், பெரிய ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பார்கள். காதுக்கும் பெட்டிக்கும் கம்பியில்லாத் தொடர்பு. காதுவட்டு படு வேகம், ஆனால் எழுத எழுதத் தேயும். தேய்ந்தால் மாற்றவும் வழியில்லை, இரண்டாம் முறை எலும்பைக் குடைந்தால் உயிருக்கே ஆபத்து. பெட்டியில் சுழலும் வட்டு மெதுவானது, எவ்வளவு எழுதினாலும் தாங்கும், கரகரவென்று சத்தம் போடும்.

டாக்டர்கள் வட்டைப் பதிப்பதோடு சரி. வட்டு என்பது வெறும் காலி மனை. அதில் எதை எங்கே வைப்பது, கேட்டால் எப்படித் தேடிக் கொடுப்பது, வைத்தது கெட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்கிற ஏற்பாடுதான் கோப்பு முறை. அதைத் தேர்ந்தெடுத்துப் போடுவது மிதுனாவின் வேலை.

எல்லோருக்கும் அவள் போட்டது பட்டர்எஃப்எஸ் என்கிற முறையை. மையத்தில் அதற்குச் செல்லப்பெயர் வெண்ணெய். ஒவ்வொரு துண்டு நினைவுக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைத்திருக்கும். திருப்பிக் கேட்கும்போது எண் ஒத்துப்போனால்தான் தரும். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு பிரதியைத் தேடும், அதுவும் கெட்டிருந்தால் இல்லை என்று கையை விரித்துவிடும். பழையதன் மேல் புதியதை எழுதவே எழுதாது. அதற்கு முந்தைய தலைமுறை, எக்ஸ்ட் என்று ஒன்று. இருந்த இடத்திலேயே அழித்து எழுதும், தன்னிடம் இருக்கும் எதையும் சந்தேகப்படாது, அழுகிப்போன நினைவைக்கூட நல்லது என்று நம்பி எடுத்து நீட்டும். மிதுனாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஒரு நினைவு இல்லாமல் போனாலும் போகட்டும், தப்பாக மட்டும் இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் சுகன்யா வந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, சோமனூரில் வீடு. அவள் கணவர் தனபாலுக்கு முந்தைய ஆண்டு மிதுனாதான் கோப்பு முறை போட்டுக் கொடுத்திருந்தாள். தனபால் நூற்பாலையில் மெஷின் மேற்பார்வையாளராக இருந்தவர். இப்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த ஊட்டி ரயில் படத்தை வாய் கொள்ளாத சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன மறந்துபோகிறார் என்று மிதுனா கேட்டாள். எதுவுமே மறப்பதில்லை, அதுதான் தொந்தரவு என்று சுகன்யா சொன்னாள். அவர்களுக்கு ஒரே பையன், தருண். தனபாலுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே, பாலக்காட்டு ரோட்டில் மழையில் பைக் சறுக்கிப் போய்விட்டான். தனபால் அப்போதே எல்லாவற்றையும் அழுது முடித்தவர். காரியம் முடிந்த சில மாதங்களில் வேலைக்குப் போக ஆரம்பித்து, பையன் பேச்சு வந்தால் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார். வட்டு வைத்த பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது.

"தெனமும் காலையில சமையக்கட்டுக்கு வந்து நிப்பாருங்க. மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். 'சுகன்யா, நம்ம தருண் போயிட்டானே, எனக்கு இப்பத்தானே நெனப்பு வருது'ம்பாரு. அன்னைக்கு செத்த மாதிரியே அழுவாருங்க. நானும் அடுப்பை அணைச்சுப்போட்டுத் தேத்துவேன். மறுக்கா அடுத்த நாளும் அதேதான்."

மறதிதான் காரணமாக இருக்கும், முந்தைய நாள் அழுததே பதியவில்லை போலிருக்கிறது என்று மிதுனா நினைத்தாள். தனபாலை உள்ளே கூப்பிட்டுக் கேட்டால், முந்தைய நாள் என்ன குழம்பு, யார் வீட்டுக்கு வந்தார்கள், சமையலறையில் என்ன பேசினோம் எல்லாவற்றையும் சொல்கிறார். நேற்று அழுததும் தெரிகிறது. ஆனால் அது யாரோ சொல்லிக் கேட்ட செய்தியைப் போல இருக்கிறதாம். பையன் நினைப்பு வரும்போது மட்டும், அது அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தலைக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது என்றார்.

மிதுனாவுக்கு மூக்கு வேர்த்தது. பிரச்சினை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளுக்குப் பசி தாகம் தெரியாது. வீட்டுப் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லி, அன்று பிற்பகலிலேயே இரண்டு வட்டுகளையும் அடி முதல் நுனி வரை சோதித்தாள். ஒரு துண்டுகூடக் கெடவில்லை. எல்லாச் சரிபார்ப்பு எண்களும் கச்சிதமாக ஒத்துப்போயின. வெண்ணெய் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. அதைப் பார்த்து முதலில் அவளுக்குப் பெருமையாகவும் பிறகு எரிச்சலாகவும் இருந்தது.

முடிச்சை அவிழ்த்தது சுகன்யா போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம். பெட்டி வீட்டுக் கூடத்தில்தான் இருக்கும், அவர் பழையதை நினைத்தால் அது சத்தம் போடும், கேட்டுக் கேட்டு எனக்கு இப்போது சத்தத்தை வைத்தே என்ன நினைக்கிறார் என்று தெரியும் என்றாள். மில் ஞாபகம் என்றால் விட்டு விட்டு வரும். பையன் ஞாபகம் என்றால் நீளமாக ஒரு கரகரப்பு. அது கேட்டதும் அடுப்பை அணைத்துவிடுவாளாம்.

கேட்டுச் சிரித்த மிதுனா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் வரவே கூடாது. அடிக்கடி நினைக்கிற எதையும் பெட்டியிலிருந்து காதுவட்டுக்குத் தூக்கிவைக்க ஒரு நிரல் இருக்கிறது. தினமும் நினைக்கிற பையன் இந்நேரம் காதுக்கே வந்திருக்க வேண்டும். இன்னும் ஏன் பெட்டியின் ஆழத்தில், யாரும் தொடாத சாமான் மாதிரி கிடக்கிறான்?

எதை அடிக்கடி நினைக்கிறார் என்று அந்த நிரலுக்கு எப்படித் தெரியும்? லினக்ஸில் ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் அதைக் கடைசியாகத் திறந்து படித்த நேரம் குறித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். மிதுனா தருணைப் பற்றிய நினைவுகளின் கடைசி நேரங்களை வரிசையாகத் திரையில் இறக்கினாள். எல்லாவற்றிலும் ஒரே தேதி, வட்டு வைத்த தேதி. வேறு பழைய நினைவுகளையும் பார்த்தாள், அவற்றிலும் அதே தேதி. அந்த நாளுக்குப் பிறகு தனபால் எதையுமே ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்று இரண்டு வட்டுகளும் சத்தியம் செய்தன.

அந்த நேரக் குறிப்பை அணைத்து வைத்தது அவளேதான். படிப்பதற்குக்கூட ஒரு தடவை எழுதி வட்டைத் தேய்ப்பானேன் என்று, எஸ்.எஸ்.டி. வைத்திருக்கிற லினக்ஸ்காரர்கள் எல்லோரும் முதல் வேலையாக அமைப்பில் 'நோஏடைம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். படித்த நேரத்தைக் குறிக்காதே என்று அர்த்தம். குக்கருக்கு வெயிட் போடுகிற மாதிரி, யோசிக்காமல் கை தானாகப் போடும். மடிக்கணினிக்குப் போட்ட கை தலைக்கும் போட்டுவிட்டது. காதுவட்டின் ஆயுளைக் கூட்டிக் கொடுத்த கெட்டிக்காரி என்று மையத்தில் அவளுக்குப் பேர் வேறு.

மறுநாள் தன்னிடம் வட்டு போட்டுக்கொண்ட மற்றவர்கள் சிலருடன் பேசிப் பார்த்தாள். ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பள்ளிக்கால வேடிக்கை ஒன்றைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். போன முறையும், அதற்கு முந்தைய முறையும் அதே வேடிக்கையை அதே சிரிப்போடு சொன்னவர்தான். 'அட, இப்பத்தான் ஞாபகம் வருது' என்று ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். இதை எல்லாம் வட்டு வேலை செய்கிற சந்தோஷம் என்றுதான் இதுவரை மையத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவளும் உட்பட.

மறுவாரம் சுகன்யாவை மட்டும் வரச் சொல்லி, நடந்ததை மழுப்பாமல் சொன்னாள். நம் மூளையில் ஒன்றை நினைக்கும்போதெல்லாம் நினைத்ததற்கான தடமும் விழும், அந்தத் தடம்தான் அடுத்த முறை வலியைக் கொஞ்சம் குறைக்கிறது, வட்டில் அந்தத் தடம் விழக்கூடிய ஒரே இடத்தை நான் மூடி வைத்துவிட்டேன் என்றாள். சுகன்யா கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். கோபிக்கவில்லை. தன் வளையலைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டியே அம்மிணி? அவருக்கு எல்லாமே புதுசாத்தான் வருதுன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். தெரிஞ்சுதான் வராம இருந்தேன்."

பையன் நினைவு மட்டுமா புதிதாக வரும்? கல்யாணத்துக்கு முன்னால் பேரூர் பஸ் நிறுத்தத்தில் முதல்முதலாக அவளைப் பார்த்ததும் அப்படித்தான் வந்தது. சாயங்காலங்களில் திடீரென்று அது நினைவுக்கு வந்து, தனபால் எழுந்து வந்து அவளையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். அன்றைக்கு மஞ்சள் தாவணி கட்டியிருந்தாயே என்பாராம். "கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து ஒரு வார்த்த அப்படிச் சொன்னதில்லீங்க. மெசினு, சிப்டு, வேற பேச்சே கெடையாது. இப்பத் தெனமும் சொல்றாரு. காலையில அவரு அழுவறதை அதுக்காவப் பொறுத்துக்கிட்டேன். இனி முடியல. அவரு நெஞ்சு தாங்காது." சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், ஆனால் அழவில்லை. பையன் போனதற்கு நீங்கள் அழுதீர்களா அக்கா என்று மிதுனா கேட்டாள். அவரைத் தேற்றவே பொழுது சரியாகப் போய்விடுகிறது என்றாள் சுகன்யா. பிறகு, கேட்காமலே, தருண் அந்த பைக் வாங்கியது தனக்குப் பிடிக்கவில்லை என்றும், அதை வாங்கினால் என்னோடு பேசாதே என்று சொல்லியிருந்ததாகவும், அவன் இறந்த அந்த வாரம் முழுக்க இருவரும் பேசவில்லை என்றும் சொன்னாள்.

குறிப்பைத் திரும்ப இயக்கிவிட்டால் தீர்ந்தது என்று மிதுனா நினைத்தது தப்புக் கணக்கு. சோதனை மேசையில் ஒரு காதுவட்டை வைத்து ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய் எதையும் இருந்த இடத்தில் எழுதாது அல்லவா, ஒரு சின்னக் குறிக்காக ஒரு கிளையையே பெயர்த்து வேறிடத்தில் நட்டது. ஒரு நினைவு என்பது ஒரு கோப்பும் இல்லை, ஆயிரக்கணக்கான துண்டு. நினைக்க நினைக்க வட்டு கரைந்தது. நாளுக்கு ஒரு தடவை மட்டும் குறிக்கும்படி மாற்றிப் பார்த்தாள், கொஞ்சம்தான் மிச்சமானது. குறிகளைப் பெட்டியில் மட்டும் வைக்கலாமே என்றும் யோசித்தாள். நடக்காது, பெட்டி மெதுவானது, ஏற்கெனவே நினைத்தது என்கிற உணர்வு நினைவுக்கு முன்னால் வந்து சேர வேண்டும், பின்னால் வந்து பிரயோசனமில்லை. காதுவட்டிலேயே வெண்ணெய்யில் குறித்தால் தனபாலின் ஆயுள் முடியும் முன்பே வட்டின் ஆயுள் முடிந்துவிடும். மிச்சமிருந்தது அவளுக்கு ஆகாத அந்த எக்ஸ்ட். அது குறியை இருந்த இடத்திலேயே அழித்து எழுதும். தேய்மானம் கொஞ்சம்தான். ஆனால் சரிபார்ப்பு எதுவும் கிடையாது.

யார் தலையோ அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். ஆகவே தனபாலை உட்காரவைத்து மிதுனா விளக்க ஆரம்பித்தாள். 'உங்கள் பையன் நினைப்பு வருகிறதே' என்று பேச்சைத் தொடங்கியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அடுத்த நிமிடம் தெரிந்தது. அவர் முகம் வெறுமையாக ஆனது. மேசை மேலிருந்த பெட்டி நீளமாகக் கரகரத்தது. பிறகு அந்த மனிதர் உடைந்தார். அன்றைக்கு மில்லில் மெஷின் நின்று கிடந்தது, தருண் போன் செய்தான், 'அப்பா ஒரு நிமிசம்' என்றான், 'அப்புறம் பேசறேன் வெய்யி' என்று சொல்லி வைத்துவிட்டேன், அவ்வளவுதான் பேசினேன், அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுகன்யா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, அவர் சொல்லும் வார்த்தைகளை உதட்டளவில் கூடவே சொன்னாள். அவளுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. மிதுனாவுக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது.

அழுகை அடங்கியதும் அவரே கேட்டார்.

"அந்தக் குறி வெச்சா என்ன ஆகும் அம்மிணி?"

"இதை ஏற்கெனவே நினைச்சு அழுதுட்டோம்னு உங்களுக்குத் தெரியும் அண்ணா. துக்கம் இருக்கும். ஆனா பழகும்."

"நல்லதும் பழகிப்போயிருமா?"

"ஆமாங்கண்ணா. எல்லாமே பழகும்."

அவர் சுகன்யாவைப் பார்த்தார். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ட்டின் குறையையும் மிதுனா மறைக்கவில்லை. காலப்போக்கில் சில நினைவுகள் கெடலாம், கெட்டது தெரியாமலே அது எடுத்துத் தரும், தப்பான ஒன்றை நடந்ததாக நீங்கள் நம்பிவிடலாம், எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை என்றாள். தனபால் ஆர்வத்தோடு, மெஷினைத் திறந்து பார்க்கிறவர் மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். வட்டு வைக்காத உங்களுக்கெல்லாம் எப்படி, தப்பாக இருப்பது தெரியுமா என்றார். தெரியாதுதான் என்று மிதுனா ஒப்புக்கொண்டாள்.

"அப்ப அதையே போடு. நீங்க எல்லாரும் இருக்கற மாதிரியே நானும் இருந்துட்டுப் போறேன்."

முதலில் பெட்டியையும் பிறகு காதுவட்டையும் மாற்றினாள். பழைய பிரதி ஒன்றை, வெண்ணெய்யில் இருந்தபடியே, மையத்தின் காப்பறையில் வைத்தாள். ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தனபாலும் எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தார். மற்ற நோயாளிகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். தமிழாசிரியர் மட்டும் மாற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். இந்த வயதில் ஒரு ஜோக்குக்குத் தினமும் சிரிக்கக் கிடைப்பது லேசா என்றார். அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

மறுபரிசோதனைக்கு அவர்கள் வந்தபோது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தனபால் கொஞ்சம் சதை போட்டிருந்தார். உள்ளே வந்ததும் மின்விசிறி சத்தமாக ஓடுகிறது, பேரிங் போயிருக்கும் பாருங்கள் என்றார். பையனைப் பற்றி மிதுனா தயங்கித் தயங்கிக் கேட்டபோது பெருமூச்சு விட்டு, காலையில்கூட நினைத்தேன் என்று மட்டும் சொன்னார். தலையைப் படமெடுக்க அவரை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்கள்.

சாயங்காலப் பார்வை எல்லாம் போய்விட்டது என்று சுகன்யா சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்போது வந்து உட்கார்ந்து காப்பியில் சர்க்கரை கம்மி என்கிறாராம். காலையில் அவர் அழுவதில்லை. அடுப்பை அணைக்க வேண்டிய வேலை இல்லை. அப்படிச் சும்மா நின்ற ஒரு காலையில், பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தருண் போனதற்கு அவள் அழுத முதல் அழுகை அது. நிற்கவே இல்லை. நாள்கணக்கில் போயிற்று.

"அவருதான் என்னையத் தேத்துனாரு. 'அழுவு, இது இப்படித்தான் இருக்கும், அப்பறம் கொறையும், எனக்குத் தெரியும்'னாரு. அப்ப ஒண்ணு சொன்னாரு. அந்தப் போன்ல தருண் என்னையக் கேட்டானாம். 'அம்மாவுக்குக் கோவம் போயிருச்சாப்பா? நாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லுங்க'ன்னானாம்."

அவள் குரல் இறங்கியது. இத்தனை மாதமாக அந்தப் போன் பேச்சைத் தினமும் அவர் வாயால் கேட்டிருக்கிறாள், ஒரு எழுத்து மாறாமல். அதில் இது ஒரு நாளும் வந்ததில்லை. பழைய முறையில் விட்டுப்போனது இப்போது கிடைத்திருக்கிறதா, அல்லது மிதுனா பயமுறுத்திய மாதிரி வட்டில் ஏதோ கெட்டுப்போய்த் தப்பாக வருகிறதா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பையன் போனானா இல்லையா என்பதை இனி வேறு யாரும் அவளுக்குச் சொல்ல முடியாது. "நிசமான்னு பாத்துச் சொல்லு அம்மிணி. எதுவா இருந்தாலும் சொல்லு" என்றாள். கொஞ்ச நேரம் ஆகும் என்று மிதுனா சொன்னதும், அவருக்கு டீ வாங்கி வருகிறேன் என்று கேண்டீனுக்குப் போனாள்.

நினைவுகளில் உள்ள பேச்சை மட்டும் எழுத்தாக்கிப் படிக்க மையத்தில் வசதி உண்டு. மிதுனா காப்பறையிலிருந்து பழைய பிரதியை எடுத்து, இப்போது வட்டில் இருப்பதோடு சேர்த்து ஓட்டினாள். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின. எதுவும் அழுகவில்லை, எதுவும் விட்டுப்போகவில்லை. 'அப்பா ஒரு நிமிசம்.' 'அப்புறம் பேசறேன் வெய்யி.' அதோடு முடிந்தது. அம்மா என்கிற வார்த்தையே அந்தப் பேச்சில் கிடையாது.

வட்டு சொல்லாததை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போது தனபால் படமெடுத்து முடித்துத் திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். படிக்கத் தெரிந்த மனிதர், கிட்டே வந்து படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ கேட்டாளாக்கும்."

மிதுனா தலையாட்டினாள். அண்ணா, அப்படி எதுவும் இதில் இல்லையே என்றாள்.

"இல்லைன்னு எனக்குத் தெரியும் அம்மிணி. அவன் என்ன சொல்ல வந்தான்னு கேக்காமப் போனை வெச்சவன் நான். அவ அன்னைக்கு அழுத அழுகையைப் பாத்திருந்தா நீயும் ஏதாச்சும் சொல்லியிருப்ப. முன்னாடின்னா நானும் கூட உக்காந்து அழுதுட்டிருந்திருப்பேன். இப்ப என் அழுகையை நிறுத்திக்க முடியுது. அதான், அவளுக்கு எதைச் சொன்னா ஆறும்னு யோசிக்க முடிஞ்சுது."

அவர் அவளைக் கெஞ்சவில்லை, சொல்லாதே என்றும் கேட்கவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு தப்பான துண்டைக்கூடச் சரி என்று அவள் கையெழுத்துப் போட்டதில்லை. திரையில் இருந்த இரண்டு பிரதிகளையும் மூடினாள்.

சுகன்யா டீயோடு வந்து, அதை மேசையில் வைக்கக்கூடத் தோன்றாமல், வாசலிலேயே நின்றாள்.

"இருக்குதுங்கக்கா" என்றாள் மிதுனா. "அவரு சொன்ன மாதிரியே இருக்குது."

"அப்பறம் ஏன் இத்தன நாளா அது வரல?"

மிதுனா ஒரு கணம்தான் யோசித்தாள். "பழைய முறை ரொம்பக் கெடுபிடிங்கக்கா. ஒரு துண்டுல துளி சந்தேகம் இருந்தாலும் தராம அமுக்கி வெச்சுக்கும். அதைப் போட்டது என் தப்புத்தான். இது அப்படி இல்ல, இருக்கறதைக் கொடுத்துரும்."

சுகன்யா டீயைக் கணவரின் கையில் கொடுத்தாள். நாயித்துக்கெழம வர்றேன்னிருக்கான் என்று யாரிடமும் இல்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தனபால் டீ டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மிதுனா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.